முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

வியாழன், இரவு.

இன்றும் முட்டை எடுக்கப் போன என் காலைச் சேவல் கிழித்துவிட்டது. பெட்டைக்கோழிகள் அதற்குப் பயந்து தீனிக்குக்கூட வருவதில்லை. ஆனால் அடிக்கக் கூடாதாம். காணாமல் போன மோட்டார் சைக்கிள் கிடைத்ததற்காக என் வீட்டுக்காரர் அதைச் செமோர் தோட்டத்து முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டார்.

“சாமி சேவல்லா. திருவிழா வரைக்கும் பொறுத்துக்க,” என்றார், நாற்காலியை விட்டு எழாமல்.

“அப்ப சாயங்காலம் நீங்களே தீனி போடுங்க.”

வீரமாகத்தான் போனார். ஒரு கால் சிலிப்பரோடு ஓடி வந்தார். கூண்டுக் கதவைச் சாத்தவில்லை. இருட்டும்வரை சுற்றி அலைந்து கோழிகளைப் பிடித்து அடைத்தது நான்.

இப்போது குறட்டை விடுகிறார். சேவலையாவது திருவிழாவில் முனியாண்டி எடுத்துக்கொள்வார்.