கட்டிலுக்குப் பத்தாத அரையடி

இன்று உன் மகள் ஸ்டெல்லா கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளானைத் திறந்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நீ கட்டிய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டப்போகிறாள். திரையில் சுவரைப் பிடித்து நகர்த்தினால் கூடவே ஓர் அளவுக்கோடு ஓடி வருகிறது. அதன் மேல் 'இரண்டு மீட்டர்' என்று காட்டியது. எதையோ அமுக்கினாள்; ஆறடி ஆறே முக்கால் அங்குலம் என்று மாறிவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுபதுகளில் இது இருந்திருந்தால் நீ ஊர் வாயில் விழுந்திருக்க மாட்டாய்.

அப்போது நீ கொத்தனார், நான் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த டிராப்ட்ஸ்மேன். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கத்தில் நாங்கள் மீட்டரில் பிளான் போடுவோம். உன்னிடம் இருந்ததோ கடலூரில் வாங்கிய அடி டேப். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நீ கட்டப்போகும் வீட்டுக்கு நான்தான் பிளான் போட்டேன். அரியூர்ப் பெண்வீட்டார் ஆறரை அடிக் கட்டில் சீர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது சுவருக்குச் சுவர் உட்காரட்டும் என்று அறையின் அகலத்தை இரண்டு மீட்டர் வைத்தேன்.

"மீட்டர்னா மூணு அடி தானேடா?" என்று கேட்டாய். நான் மீன்குழம்புச் சோற்றில் மும்முரமாக இருந்தேன். "ஆமாம்பா, கட்டு" என்றேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கட்டில் வண்டியில் வந்து இறங்கியது. அறை சரியாக ஆறடி. திருப்பிப் போட்டால் கதவு திறக்கவில்லை.

"இன்னா மாப்ள, சொந்த வூட்டையே அளக்கத் தெரியலியா?" என்றார் உன் மாமனார்.

 விஷயம் ஆபீசுக்குப் போனால் புது வேலை என்னாவது? தலையைக் குனிந்துகொண்டேன். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என் தப்புதான் மாமா, அளவு மாறிப் பூடுச்சி" என்றாய். உடனே சுத்தியலை எடுத்து அடுப்பங்கரைச் சுவரில் கட்டில் உயரத்துக்கு ஓட்டை போட்டாய். கட்டில் அரையடி அந்தப் பக்கம் போய் நின்றது.

கல்யாணமாகி வந்த மரியா அடுப்பங்கரையில் கட்டிலைப் பார்த்து, சிரிப்பை அடக்க மாட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். பகலில் அதன்மேல் காபித்தூள் டப்பா. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் உன் உள்ளங்காலில் ஈரக்கையை வைத்துப் பூசைக்கு எழுப்புவாள். ஊரே உன்னை 'ஆறடி மேஸ்திரி' என்று கூப்பிட்டது. நான் எப்போது பேச்செடுத்தாலும், "உட்றா, வூடு நல்லாத்தானே கீது" என்பாய்.

இன்று ஸ்டெல்லா, "அப்பா கோட்டை விட்ட ரூம் இதான் மாமா" என்றாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"கோட்டை விட்டது உங்கப்பா இல்லம்மா, நான்."

அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "அப்பா சொல்லிட்டுத்தான் மாமா போனாரு. 'அவனா சொன்னா சிரி, நீயா கேக்காத'ன்னாரு."

சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வர வர நானும் சிரித்தேன். புது வீட்டிலும் அந்த அரையடி ஓட்டை வேண்டுமாம். அளவுக்கோட்டை நானே இழுத்து வைத்தேன், எண்ணை இரண்டு தரம் பார்த்துவிட்டு.