எட்டு மணிப் பாட்டு

மே சோட், தாய்லாந்து, வியாழன்

அம்மா, இங்கிருந்தே தரையில் நெற்றி வைத்து மூன்று முறை உங்களை வணங்கிவிட்டு எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வடிந்ததா?

பயப்படாமல் படியுங்கள். நேற்றுத் தம்பி பியே சோனை என்னோடு சந்தைக்கு அழைத்துப் போனேன். இந்த ஊரில் காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் தாய்லாந்தின் நாட்டுப்பண் வரும். எல்லோரும் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். எல்லை ஆற்றைக் கடந்து வந்து பத்து நாளே ஆன அவனிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். சந்தையே நின்றது. அவன் மட்டும் பூசணிக்காயோடு முன்னால் நடந்துபோனான்.

பாட்டு முடிந்ததும் போலீஸ்காரர் நம் பர்மிய மொழியிலேயே கேட்டார்.

"என்னடா, காதுல பூசணிக்காயா? வேலை அனுமதி அட்டை எங்கே?"

"இல்லீங்கய்யா."

"யார்கூட வந்தே?"

அவன் என்னைத் தாண்டிப் பார்த்தான். "தனியாத்தாங்க வந்தேன்."

என் அட்டையைத் தையல் ஆலை முதலாளி பூட்டி வைத்திருக்கிறார். நான் வாய் திறக்கவில்லை. நாங்கள் தைக்கும் சட்டை எந்த எல்லையையும் தாண்டிப் போகிறது. தைத்தவளுக்குத்தான் அட்டை வேண்டுமாம்.

அவனைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள்; சனிக்கிழமை திருப்பி அனுப்புகிறார்கள். பாலத்தில் இறக்கினால் நம் ராணுவம் படையில் சேர்க்கப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பயந்துதானே இங்கே அனுப்பினீர்கள்? சில நாள் நம் கரைப் படகுத்துறையிலும் இறக்குவார்கள். மாமாவை விடியும்போதே அங்கே நிற்கச் சொல்லுங்கள்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறவைத்த தேயிலை கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இன்றும் இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டேன்.

கடிதம் கொண்டுவரும் படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். தம்பி வந்து சேர்ந்தால், அவனுக்கு என்மேல் கோபமா என்று கேட்டு எழுதுங்கள்.

மகள் யமின்