லீமாவுக்கு எத்தனை வளைவு

இக்கிடோஸ், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நெலிதாவுக்கு, உன்னை நாலு வயதிலிருந்து வளர்த்த மாமன் தியோஃபிலோ எழுதுவது. நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே லீமாவில் சளி இருமல் இல்லாமல் இருக்கக் கர்த்தர் காக்கட்டும். சனிக்கிழமை விமானம் கிளம்பாது என்று நான் வெள்ளிக்கிழமையே சொன்னேன், துறைமுகத்தில் யாரை வேண்டுமானாலும் கேள். சொன்னபடியே ஓடுபாதை முழுக்கப் பிணந்தின்னிக் கழுகு, முந்நூறுக்குக் குறையாது. விமானியே இறங்கி வந்து, பெரியவரே, நீங்க சொல்லுங்க, போலாமா வேண்டாமா என்று என்னைத்தான் கேட்டார், வேண்டாம் தம்பி என்றேன், கேட்டுக்கொண்டார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு வர முடியவில்லை, ஞானத்தகப்பன் இடத்தில் வேறு யாரோ நின்றிருப்பார்கள், நிற்கட்டும்.

நீ இங்கிருந்து போனபோது லாஞ்சுப் படகில் ஏணை கட்டிப் படுத்து ஐந்து நாள், பிறகு மலைமேல் பேருந்தில் ஒரு நாள், ஆக ஆறு நாள். லாஞ்சு விட்டுப் பேருந்து ஏறும் புகால்பா வரைக்கும் ஆற்றில் இருநூற்றுப் பதினேழு வளைவு, படகுக்காரர்களைக் கேட்டு ஒவ்வொன்றாக எண்ணி வைத்திருக்கிறேன். ஆகாயத்தில் என்றாலும் மேகத்தைச் சுற்றிக்கொண்டுதானே போக வேண்டும், பாதி வளைவாவது இருக்கும் என்று கணக்குப் போட்டேன். எனக்குத் தெரியாத தூரமா என்று யாரிடமும் கேட்கவில்லை. வாழையிலை மாதிரி இலையில் கட்டிய கோழிச் சோறு பன்னிரண்டு பொட்டலம், ஏணை, கொசுவலை எல்லாம் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போன ஆட்டோக்காரன் வில்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு, ஏணையை எதுல கட்டப் போறீங்க, இறக்கையிலயா, வானத்துல ஏது பெரியவரே வளைவு, ஒண்ணே முக்கா மணி நேரம், ரெண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கிறதுக்குள்ள லீமா வந்துரும் என்றான். ஆத்துல பொறந்தவன்டா நான், எனக்கே தூரம் சொல்றியா என்று விட்டேன் ஒரு சத்தம். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், என் பொஞ்சாதி போன மாசம் காலைல போயிப் பல்லப் புடுங்கிட்டு, சாயங்காலம் இங்க வந்து மீன் வறுத்தா என்றான்.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை, ஆற்றுத் தண்ணீர் வாசல் படியில் நாலாவது பலகை வரை ஏறியிருக்கிறது. பொட்டலங்களை நானே தின்று தீர்த்தேன், கடைசி இரண்டும் புளித்துவிட்டன, மீனுக்குப் போட்டேன். சாப்பிடும்போது எதிரே உன் நாற்காலி காலியாக இருப்பது கண்ணுக்கு ஆகவில்லை, அதனால் ஏணையும் கொசுவலையும் கட்டிய மூட்டையை அதன்மேல் வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை.

லீமா பனியில் குழந்தையைத் தலை மூடாமல் வெளியே எடுக்காதே, தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடு. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். குழந்தை படம் ஒன்று மறக்காமல் அனுப்பு.

எழுதியதில் ஒன்று மட்டும் நானாக ஜோடித்தது மகளே. கழுகு ஒன்றுகூட வரவில்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆறு நாள் தூரம், பாவம் பிள்ளை எப்படி வருவாள் என்று ஏழு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வந்தேன், எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். அந்த விமானத்தில் ஏறி ஒண்ணேமுக்கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டால் பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உன் மாமன்,
தியோஃபிலோ