விட்டுப்போன மூன்று எழுத்து

வடுகபட்டி
பங்குனி மாதம் 9ஆம் நாள்

கொழும்பில் இருக்கும் மகன் ராக்கையாவுக்கு ஆத்தா சுப்புத்தாய் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் ஐயாவும் மாடு கன்றுகளும் சுகம், உன் சுகத்தைத் தெரிந்தால் இன்னும் சுகம். நான் சொல்லச் சொல்ல இஞ்ஞாசிமுத்து வாத்தியார் எழுதுகிறார். வைகிற வார்த்தை வந்தால் பேனாவைத் தூக்கிக்கொள்கிறார், அதையெல்லாம் நீயாகச் சேர்த்து வாசித்துக்கொள்.

உன் அக்காள் முருகம்மாளைப் பிரசவத்துக்கு அனுப்பச் சொல்லி, சின்னமனூருக்கு மாப்பிள்ளை சுருளிவேல் பேருக்கு ஒரு கார்டு போட்டாயே, அதில் என்ன எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? "அறுத்துத் தீர்த்துவிட்டு அக்காளை அனுப்பிவிடுங்கள்." அடே, நம் பக்கத்தில் அறுப்பது தாலியை, தீர்த்து அனுப்புவது வேண்டாமென்ற பெண்டாட்டியை என்று கடல் தாண்டினதும் மறந்துபோச்சா? தபால்காரர் அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்திருக்கிறார். சம்பந்தி ராக்கம்மாள், எம்மகன் அவளுக்கு என்ன கொற வச்சான் என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். ஏழு மாதக்காரி இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதிருக்கிறாள். மூன்றாம் நாள் மாப்பிள்ளை இங்கே வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, ஒங்க மகன் தீத்துவிடச் சொல்லிட்டான், பஞ்சாயத்த எப்ப வச்சுக்கிருவோம் அத்தே என்றார்.

உன் ஐயா அவர் கையிலிருந்த கார்டைப் பிடுங்கிக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினார், மாப்பிள்ளையும் பின்னாலேயே போனார். வாத்தியார் இரண்டு தரம் வாசித்துவிட்டு, மாப்பிளே, அங்கன இப்ப என்ன வேல நடக்கு என்று கேட்டிருக்கிறார். நெல்லறுப்பு, இன்னும் நாலு நாள் கெடக்கு என்றதும் மூக்குக்கண்ணாடி விழுகிற மட்டும் சிரித்தாராம். "அறுத்து" என்பதற்கு முன்னால் "நெல்லை" என்று மையால் எழுதிக் கொடுத்தார். மூன்றே எழுத்துதான், மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்து இரண்டு செம்பு மோர் குடித்தார்.

சம்பந்தி மட்டும் இறங்கி வரவில்லை. நெல்லுன்னே வச்சுக்கிருவோம், அனுப்பி விடுங்கன்னா அவ என்ன ஆடா மாடா, அனுப்பி வைங்கன்னு எழுதக் கை வராதா என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான். நானே வளையலும் பூவும் எடுத்துக்கொண்டு போய், எம்மகளை அனுப்பி வைங்க மதினி என்று கேட்ட பிறகுதான் வண்டி கட்டினார்கள்.

போன வெள்ளிக்கிழமை முருகம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம். பார்க்க வந்த சம்பந்தி, இனிக் காயிதத்த நம்ப மாட்டேன், மாமன் நேர்ல வந்து மடியில வச்சாத்தான் காதுகுத்து, அதுவரைக்கும் எம்மனசு ஆறாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கார்டில் இடம் போதாவிட்டால் கவரில் எழுது, எழுத்தை மிச்சம் பிடிக்காதே. ஆவணியில் காதுகுத்து. வாத்தியார் இந்த இடத்தில் "தவறாது வரவும்" என்று போட்டார். அது தாலுகா கச்சேரிக் காகிதத்தில் வருகிற வார்த்தை, அடித்துவிட்டு நான் சொல்கிறபடி எழுதுங்கள் என்றேன். மூணு வருசமாச்சுடா, ஒன்னயப் பாக்கணும் போல இருக்கு. வாடா என் ராசா.

நூறு வயசுக்கு நல்லா இரு.

இப்படிக்கு
உன் ஆத்தா
சுப்புத்தாய், இடது கைப் பெருவிரல் ரேகை