மலை இறங்கும் பக்கம்

அன்பு மகள் டொரோத்தியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தம்பி அலோய்ஸும் முகாமில் உயிரோடு இருக்கிறோம், எனக்கு இருமல் மட்டும்தான். நீ போர்ட் மோர்ஸ்பியில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரி வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நிலத்துக்காரர்கள் போன வாரம் வந்து நம் சேம்பையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், நெருப்பு மலைக்குப் பயந்து ஓடி வந்தவனுக்குத் தோட்டம் ஒரு கேடா, உன் தீவுக்கே போ என்றார்கள். அதிலிருந்து அலோய்ஸ் நம் மனாம் தீவுக்கே திரும்புகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பெண்டாட்டி வேறு வயிற்றுப்பிள்ளைக்காரி, சொன்னால் கேட்கிறானா, படகும் பேசிவிட்டான். போகிறவன் சும்மா போகாமல் என்னிடம் வந்து, வீட்டை எந்தப் பக்கம் கட்டட்டும், மலைக்கணக்கு தெரிஞ்சவன் நீதானேப்பா என்கிறான்.

நம் ஊரில் வயதையே மலை வெடித்ததை வைத்துத்தானே சொல்வோம். என் அப்பா பிறந்தபோது நெருப்பு தெற்குப் பள்ளத்தில் இறங்கியது, எனக்குப் பல் முளைத்தபோது தெற்கு, நீ தவழ்ந்தபோதும் தெற்கு. கடைசியாக மலை வெடிப்பதற்கு முன் இதை விரல் மடக்கிச் சொல்லித்தான் உன் அம்மாவை நிறுத்தினேன். நீங்கள் இருவரும் அப்போது இக்கரையில் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். மலை உறுமுது, படகு நிக்குது, ஏறிடலாம்யா என்றாள். வடக்குப் பக்கம் பாட்டன் காலத்துலேருந்து ஒரு பொறி விழுந்ததில்ல, பேசாம கலிப் கொட்டையக் காயவை என்று அதட்டினேன். அவளும் நம்பிக் காயவைத்தாள். அந்தத் தடவை வடக்கே இறங்கியது. சாம்பல் பாரத்தில் கூரை உட்கார்ந்துபோனபோது நான் மற்றவர்களை வழியனுப்பக் கரைக்குப் போயிருந்தேன், அவள் உள்ளே இருந்தாள். அம்மா பிடிவாதமாய்த் தங்கிவிட்டாள் என்றுதானே இத்தனை வருஷமும் உங்களிடம் சொல்லிவந்தேன். அது பொய் மகளே, பாவி நான்.

இப்போது அலோய்ஸ் அதே மாதிரி விரல் மடக்குகிறான். மூணு தெற்கு, ஒண்ணு வடக்கு, அப்போ வடக்குலயே கட்டிக்கலாம்ல என்கிறான். எனக்குத் தெரியாதுடா என்றேன். கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்று முகாம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறான், சிரிக்கட்டும். வியாழக்கிழமை அவர்களோடு நானும் போகிறேன். கணக்குச் சொல்ல இல்லை. மலை உறுமி, அவன் பெண்டாட்டி ஏறிடலாம் என்று சொல்லும்போது, சரி ஏறு என்று சொல்ல அங்கே ஒருவன் வேண்டும்.

திட்டி எழுதுவதானால் எழுது, எழுதாமல் இருந்துவிடாதே. கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். ஞாயிறு பூசையில் அம்மா பேரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, பிடிவாதக்காரி என்று மட்டும் இனிமேல் அவளைச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா போனிஃபாஸ்