பத்து வருஷத்துக்கு ஒரு கார்

பிப்ரவரி 3

கார் மறுபடியும் மெக்கானிக் கடையில். இந்த முறை ஏதோ பெல்ட்டாம். போன மாதம் ஏதோ கேபிள். அதற்கு முந்தின மாதம் "ஒரு மாதிரி சத்தம்". எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் ஓட்டுவது அக்கா. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருகிறவள். ஓட்டுகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பதினாறு வயது வண்டி. இதற்கு மேலும் செலவு செய்வது செத்த பாம்பை அடிப்பது மாதிரி. புது வண்டி வாங்கிவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 4

அக்காவிடம் சொன்னேன். "இப்ப என்னடி அவசரம்? ஓடுதுல்ல?" என்றாள். மாதா மாதம் மெக்கானிக் கடைக்கு ஓடுகிறது. வேறெங்கும் ஓடக் காணோம்.

பிப்ரவரி 15

ஹைப்ரிட் நல்லது என்று தோன்றுகிறது. பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரியும் உண்டு. பிரேக் போடும்போதெல்லாம் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். விலைதான் கூடுதல். நாங்கள் ஓட்டும் ஓட்டத்துக்கு, மிச்சமாகும் பெட்ரோலில் அந்தக் கூடுதல் காசு திரும்பி வர ஏழு வருடம் ஆகும். அதற்கு மேல் லாபம். ஆக, பத்து வருடம் வைத்துக்கொண்டால்தான் ஹைப்ரிட்.

ஆனால் பத்து வருடம் உழைக்குமா? வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். மெஷின் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல இதுவரை ஒருவரும் போன் செய்ததில்லை. அதனால் உலகத்தில் எல்லாமே பழுதாகும் என்பது என் கட்சி. அக்கா நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். எல்லாமே மிதக்கும் என்பது அவள் கட்சி.

"பத்து வருஷத்துக்கு நமக்கு வேற கார் வேண்டாம்" என்றேன். "பத்து வருஷமா?" என்றாள். பிறகு துண்டை உலர்த்துகிறேன் என்று பால்கனிக்குப் போய்விட்டாள். துண்டு உலர்ந்துதான் இருந்தது.

மார்ச் 6

ஹைப்ரிட் டாக்சியாகப் பார்த்து ஏறி ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறேன். அவர்களை விட யாருக்குத் தெரியும்? ஒருவர் ஒன்பது வருடமாக அதே பேட்டரி என்றார். இன்னொருவர், "பேட்டரி போகாது மேடம். அதுக்குக் காத்துப் போற வழிதான் அடைச்சுக்கும். பின் சீட்டுப் பக்கத்துல ஒரு சல்லடை இருக்கும், அதைச் சுத்தமா வெச்சுக்கிட்டா போதும்" என்றார். மூன்றாமவர் வழி நெடுக மாமியாரைப் பற்றியே பேசினார். பிரேக் கட்டை தேய்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் மாமியார்தான் வந்தார்.

இந்த மூன்று வாரத்தில் டாக்சிக்குக் கொடுத்ததில் ஒரு டயர் வாங்கியிருக்கலாம்.

மார்ச் 14

அக்காவோடு மெக்கானிக் கடைக்குப் போனேன். மெக்கானிக், மனைவி இறந்து தனியாக இருப்பவர். அதிகம் பேசமாட்டார். கையைத் துடைக்கிற துணி கையை விட அழுக்கு. ஹைப்ரிட் எப்படி என்று கேட்டேன்.

"நல்ல வண்டி மேடம். ரிப்பேரே வராது" என்றார். துக்கம் சொல்ல வந்தவர் மாதிரி சொன்னார்.

"ரிப்பேரே வராதா?" என்றாள் அக்கா. அவள் முகமும் விழுந்துவிட்டது. வண்டி ஒழுங்காக ஓடினால் இவர்களுக்கு என்ன வருத்தமோ.

டீ கொடுத்தார். எனக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டார். அக்காவைக் கேட்காமலே சர்க்கரை இல்லாமல் கொடுத்தார். சில பேருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் போல.

மார்ச் 29

"அஞ்சு வருஷம்னு போட்டுப் பாரேன்" என்கிறாள். போட்டேன். ஐந்து வருடத்தில் போட்ட காசு திரும்பாது என்றேன். "அப்படியா" என்று முட்டையை உரிக்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 6

இன்று, "மூணு வருஷம்?"

"மூணு வருஷத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் நடந்தா போகப்போறோம்?" என்று கத்திவிட்டேன்.

ஏப்ரல் 7

பத்து, ஐந்து, மூன்று. அவளுக்கு ஏதாவது வியாதியா?

ஏப்ரல் 9

அவள் நீச்சல் குளத்துக்குப் போனதும் மருந்து டப்பாவைத் துழாவினேன். தலைவலித் தைலம் மட்டும்தான். அது என்னுடையது.

ரெண்டு நாளா சோறு இறங்கல. டாக்டர்கிட்ட போனாளா? எப்ப? ஏன் எங்கிட்ட சொல்லல? அவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்—

நாளைக்குக் கேட்டுவிட வேண்டும்.

ஏப்ரல் 11

கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. மெக்கானிக்கைக் கட்டிக்கப் போறேன்."

"எந்த மெக்கானிக்கை?" என்று கேட்டேன். எங்களுக்கு இருப்பது ஒரே மெக்கானிக்.

"அப்ப பெல்ட்?"

"பெல்ட்டுக்கு ஒண்ணும் இல்ல."

"கேபிள்?"

தலையை ஆட்டினாள். கேபிளும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அந்த "ஒரு மாதிரி சத்த"மும் கிடையாது. கார் குத்துக்கல் மாதிரி இருக்கிறது. இரண்டு வருடமாக இவள் நல்ல வண்டியைக் கொண்டுபோய் விடுவாளாம். அவர் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ போடுவாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள்! வருகிற புகார் நிஜமா பொய்யா என்று குரலை வைத்தே கண்டுபிடிக்கிறவள் என்று ஆபீஸில் எனக்குப் பெயர். இந்த வண்டி நம்பத்தக்கதல்ல என்று இரண்டு மாதமாக நான் போட்ட கணக்கெல்லாம் இல்லாத ரிப்பேரை வைத்துப் போட்டது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? நீதான் பத்து வருஷம் பத்து வருஷம்னு உட்கார்ந்திருந்தியே" என்றாள். அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஏப்ரல் 12

சமைக்கவில்லை. அவளும்.

ஏப்ரல் 19

போகிறவள் போகட்டும். எனக்கென்ன? மின்சாரக் கட்டணம் குறையும்.

பொய். எனக்குப் பயமா இருக்கு. அடுத்த ரூம்ல அவ இருமுற சத்தம் கேக்காம எனக்குத் தூக்கமே வராது. அவளோட முதல் கல்யாணம் வாரண்டி முடியறதுக்குள்ளயே போச்சு. ஒரே ஒரு பெட்டியோட எங்கிட்ட வந்து நின்னா. அன்னிலேர்ந்து நாங்க ரெண்டு பேர்தான். இந்த ஆளும் அப்படிப் பண்ணிட்டா? பண்ணலன்னாலும், நான்?

மே 2

அக்காவுக்குத் தெரியாமல் பஸ் பிடித்து மெக்கானிக் கடைக்குப் போனேன். ஹைப்ரிட் சந்தேகம் கேட்க என்று சொல்லிக்கொண்டு. பழைய சாமான் வாங்குகிற மாதிரி எல்லாவற்றையும் கேட்டேன். வயது? ஐம்பத்தாறு. ரத்த அழுத்தம்? கொஞ்சம். சிகரெட்? விட்டாச்சு. கோபம்? "வண்டிமேலதான் வரும் மேடம்." துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னார்.

"அக்காவை நல்லா வெச்சுப்பீங்கன்னு என்ன உத்தரவாதம்?"

துணியை மடித்து மேஜைமேல் வைத்தார். "எழுதிக் குடுக்க என்கிட்ட எதுவும் இல்ல மேடம். தினமும் பார்த்துக்குவேன்" என்றார்.

எங்கள் கம்பெனியில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. டீ குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

ஜூன் 12

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எனக்கே தெரியாத ஒன்றாக இருந்தது. இனி அவரை மாமா என்று கூப்பிட வேண்டுமாம். இந்த வயதில் புதிதாக ஒருவரை மாமா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "இந்தாங்க" என்று சமாளித்தேன்.

அவர் வீடு ஊரின் அந்தக் கோடியில். அக்கா பெட்டியை ஏற்றிக்கொண்டு பழைய காரிலேயே போனாள். நல்ல கார்தானே.

ஜூன் 13

வீடு ரொம்ப சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 30

இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போனேன். போய்ச் சேர்ந்ததும் திரும்பக் கிளம்ப நேரமாகிவிட்டது. "நீயே ஓட்டக் கத்துக்கோடி" என்றாள். "ஆழம் தெரியாம காலை விடச் சொல்றியா?" என்றேன். "என்கிட்ட வர்ற அத்தனை பேரும் இதைத்தான் சொல்லுவாங்க" என்றாள்.

ஜூலை 8

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுக்கிற அம்மாவின் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. அவர் கால் அதைவிட்டு நகரவே இல்லை.

ஜூலை 17

இன்று ஒரு பூந்தொட்டி காலி.

ஆகஸ்ட் 11

டெஸ்டில் பெயில். ரிவர்ஸில் போகச் சொன்னார்கள். போனேன், ஆனால் நிற்கச் சொன்ன இடத்தைத் தாண்டி.

ஆகஸ்ட் 21

பாஸ்.

செப்டம்பர் 4

கணக்கை மறுபடி போட்டேன். ஒரே ஆள், ஓட்டம் குறைவு. கூடுதல் விலை திரும்பி வரப் பதின்மூன்று வருடம் ஆகும். சின்ன பெட்ரோல் கார்தான் புத்திசாலித்தனம். பழைய வண்டியாக வாங்கினால் இன்னும் புத்திசாலித்தனம்.

ஹைப்ரிட் வாங்கிவிட்டேன். வெள்ளை. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது என்று இன்சூரன்ஸையும் முழுதாகவே எடுத்துவிட்டேன்.

ஷோரூம் பெண் பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி என்று தாளை நீட்டினாள். அக்கா வீட்டுக்கு வழியெல்லாம் சிக்னல், பிரேக்குக்குப் பிரேக் சார்ஜ். எட்டு வருடம் அங்கே போய்வரத் தடையிருக்காது என்று யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. பேட்டரிக்குத்தான். ஆனாலும்.

செப்டம்பர் 27

பழைய காரை மெக்கானிக் எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார். குளத்திலிருந்து அக்காவை நான்தான் கூட்டிவந்தேன். என் வண்டியில் அவள் ஏறுவது இதுதான் முதல் தடவை.

ஏறினதிலிருந்து பேச்சு. "மெதுவாடி." "லாரி வருது பாரு." "கியரை மாத்து." கியர் கிடையாது என்றேன். காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது சிக்னலில் சத்தம் நின்றுவிட்டது. கோபமோ என்று திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். விடியற்காலையிலிருந்து வகுப்பு, கூந்தல் இன்னும் ஈரம். காரில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பேன், ஓட்டிக்கொண்டிருந்தது அவளாயிற்றே.

அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இன்ஜின் தானாக அடங்கிவிட்டது. ஏசி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எழுப்பவில்லை. இதற்கு எவ்வளவு செலவாகும் என்று யோசித்தேன், பிறகு விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பேட்டரி இறங்கி, இன்ஜின் லேசாக உறுமிக்கொண்டு கிளம்பியது.

"வந்துட்டோமா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு. தூங்கு" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்து இன்னொரு சுற்று சுற்றினேன்.