நிலா பேரில் விழுந்த கார்

அக்டோபர் 4, 1998, ஞாயிறு
காலையிலிருந்து மழை. எங்கள் ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக் முழுக்க ஈர இலை. கோயில் கட்டட நிதி ராஃபிள் குலுக்கலில் முதல் பரிசு எங்களுக்கு. புதுக் கார். குலுக்கல் சீட்டை ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம்: நான், சேகர், டெபி. குழந்தை ராசி என்று மகள் நிலா பேரை எழுதியது நான்தான். மேடையில் அவள் பேரைக் கூப்பிட்டதும் மனைவி கலா என் கையைக் கிள்ளிவிட்டாள். அவள் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம். இன்னும் வங்கி வேலைக்கு என் வண்டியில்தான் போய் வருகிறாள்.

அக். 5, திங்கள்
பால், சலவைத்தூள், நிலாவுக்கு ஷூ.
காரை நாங்களே வைத்துக்கொள்ளலாம், தங்கள் பங்கைத் தவணையில் கொடுத்தால் போதும் என்கிறார்கள் சேகரும் டெபியும். நல்ல மனசு. ஆனால் வரிக்கணக்கு நடராஜன் அங்கிள் போனில்: "சாவி குடுக்கறதுக்கு முன்னாடியே டாக்ஸ் கட்டணும். நிலா பேருன்னா முழுசும் உங்க தலைலதான். சேர்ந்து வாங்கினோம்னு மூணு பேரும் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா அவங்கவங்க பங்குக்கு அவங்கவங்க."
முழு வரியும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவர்கள் கையெழுத்துப் போடாவிட்டால் கார் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ராசி படுத்தும் பாடு.

அக். 8, வியாழன்
டெபி நின்றபடியே கையெழுத்து. சேகர் மறுப்பு. "க்ரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கேன்டா. சூதாட்டம்னு என் பேரு எங்கேயாவது வந்து தொலைஞ்சா?"
எரிச்சல். அவன் பயமும் புரிகிறது. கலாவிடம் சொன்னேன். ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை.

அக். 11, ஞாயிறு
நல்ல வெயில். கலாவே என்னைச் சேகர் வீட்டுக்குக் கிளப்பினாள்.
"அண்ணா, டாக்ஸ் கட்டினா ஒண்ணும் ஆகாதாம், மறைச்சாத்தான் வம்புன்னு அங்கிள் சொல்றார். உங்க லாயரையும் ஒரு வார்த்தை கேளுங்க. எனக்கு அந்தக் கார் வேணும்."
எனக்கு வேணும் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. சங்கடமாக இருந்தது.

அக். 13, செவ்வாய்
சேகர் கையெழுத்துப் போட்டுவிட்டான். லாயர் சிரித்தாராம். மதியம் அவனுக்கு என் செலவில் பீட்ஸா.

அக். 24, சனி
கார் வந்தது. நீலம். நிலா: "டாடி, தே கால்டு மை நேம். இட்ஸ் மை கார்." நியாயம்தான். கலா ரூட் 18 நெடுஞ்சாலையில் ஓட்டினாள். பக்கத்தில் நான், இல்லாத பிரேக்கை மிதித்தபடி.
"கொஞ்சம் பேசாம வாங்க."

அக். 26, திங்கள்
குளிர். ஐந்து மணிக்குப் பழக்கதோஷத்தில் வங்கி வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். கலா வெளியே வந்தாள், என்னைக் கவனிக்கவில்லை, தன் காரை எடுத்தாள். வீடு வரை பின்னாலேயே போனேன். சிக்னல் போட்டு அழகாகத்தான் திரும்புகிறாள்.